தோல் வாரியம் உலகத்துக்கு எழுதிய பதில்கள்

ஓர் அரசு அலுவலகத்துக்குக் கடிதம் வந்தால் அதற்குப் பதில் எழுத வேண்டும். இந்த நெறியில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. செம்பூரில் இருந்த தோல்பொருள் தரச்சான்று வாரியத்தின் மேற்கு மண்டல அலுவலகம் இந்த நெறியை உயிரினும் மேலாக மதித்தது. என்ன பதில் எழுதுவது என்று மட்டும் நெறியில் சொல்லப்படவில்லை. ஆகவே எல்லாக் கடிதங்களுக்கும் ஒரே பதில் போயிற்று. தங்கள் கடிதம் பெறப்பட்டது, உரிய பரிசீலனையில் உள்ளது.

பம்பாய் மும்பையாகிச் சில காலம் ஆகியிருந்தது. வாரியத்தின் கடிதத்தாள்களில் இன்னும் பம்பாய்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு மேலே மும்பை என்று ரப்பர் முத்திரை குத்த ஓர் ஊழியர் நியமிக்கப்பட்டிருந்தார். ஒரு நகரத்தின் பெயரைக் காலையிலிருந்து மாலைவரை மாற்றிக்கொண்டிருந்த அந்த மனிதரைத் தவிர, அலுவலகத்தில் வேறு எவருக்கும் அவசரமான வேலை இருந்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட அமைதியில்தான் தில்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நிதியாண்டு முடிவதற்குள் எல்லா மண்டல அலுவலகங்களும் இண்டர்நெட்டில் இருந்தாக வேண்டும்.

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அது கேட்கக்கூடிய காலமும் அல்ல. மாட்டுங்காவில் கல்யாணப் பத்திரிகைகளில்கூட மின்னஞ்சல் முகவரி அச்சாகத் தொடங்கியிருந்தது. அந்த முகவரிக்கு வாழ்த்து அனுப்பினால் மாப்பிள்ளையின் நண்பனுடைய அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதைப் படிப்பார். பெரும்பாலும் மணமக்களுக்குக் குழந்தை பிறந்த பிறகு.

கம்ப்யூட்டர் வந்தது. அதற்குக் குளிர்ச்சி வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் ஏசி இருந்த ஒரே அறை மண்டல இயக்குநர் சுப்ரமணியனுடையது. அவர் மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, மாட்டுங்காவிலிருந்தே ஓய்வுபெற எண்ணியிருந்த மனிதர்; எதிர்ப்பு என்பதை எந்தக் கோப்பிலும் எழுதியறியாதவர். தம் அறையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு நடைவழியில் மேசை போட்டுக்கொண்டார். தூசி ஆகாது என்பதால் அறைவாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று உத்தரவாயிற்று. தோலின் பெருமையைக் காக்க ஏற்பட்ட வாரியத்தில், தோல் நுழையக் கூடாத அறை ஒன்று உருவாயிற்று.

தபால் பிரிவில் இருந்த ஷ்யாமளாவுக்குத் தட்டச்சு தெரியும் என்பதால் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பில் விடப்பட்டது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டும் கரகரத்தும் அது உலகத்தைக் கூப்பிட்டது. உலகம் பச்சை எழுத்துகளில் வந்து நின்றது.

அந்த நாளில் இண்டர்நெட்டில் படம் பார்ப்பவர் குறைவு, படிப்பவர்தான் அதிகம். செய்திக்குழு என்று ஒன்று இருந்தது. உலகம் முழுவதற்கும் பொதுவான அறிவிப்புப் பலகை என்று அதைச் சொல்லலாம். யார் வேண்டுமானாலும் அதில் ஒன்றை எழுதி ஒட்டலாம், யார் வேண்டுமானாலும் அதன் கீழே பதில் ஒட்டலாம். பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு பலகை, கடவுள் இல்லை என்பவர்களுக்கு ஒரு பலகை, உண்டு என்பவர்கள் வந்து சண்டை போடுவதற்கும் அதே பலகை. தோல் என்ற சொல் பெயரில் இருந்த எல்லாக் குழுக்களிலும் வாரியம் சேர வேண்டும் என்று சுப்ரமணியன் ஆணையிட்டார். அவற்றில் ஒன்றில் தோல் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்த்த ஷ்யாமளா, அந்தப் பக்கங்களைத் தனிக்கோப்பில் வைத்து, இரகசியம் என்று எழுதி, நடைவழி மேசைக்கு அனுப்பினாள். அந்தக் கோப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

மற்றவை பெரும்பாலும் பொழுதுபோக்காகத் தோல் தைப்பவர்களின் குழுக்கள். நாய்க்குக் கழுத்துப்பட்டை, குதிரைக்குச் சேணம், பேரனுக்கு இடுப்பு வார். முதல் நாள் வந்தவற்றை அச்செடுத்துக்கொண்டு ஷ்யாமளா நடைவழிக்கு வந்தாள்.

"சார், இதெல்லாம் நமக்கு எழுதினது இல்லை. ஊருக்குப் பொதுவா எழுதினது."

"நம்ம ஆபீசுக்குள்ள வந்துதா இல்லையா?"

"வந்தது சார்."

"அப்போ தபால்தான். நம்பர் போட்டுடும்மா."

அந்த வாக்கியத்தோடு வாரியம் உலக வரலாற்றில் நுழைந்தது.

கனடாவில் ஒரு பெண்மணி, தன் நாய் இடுப்பு வாரைத் தின்றுவிட்டதாகவும் என்ன செய்யலாம் என்றும் குழுவில் கேட்டிருந்தாள். அவளுக்குத் தோல் வாரியத்திலிருந்து பதில் போயிற்று. தங்கள் கடிதம் பெறப்பட்டது, உரிய பரிசீலனையில் உள்ளது, இனி எழுதும்போது கீழ்க்கண்ட எண்ணைக் குறிப்பிடவும். இந்திய அரசாங்கமே தன் நாயைப் பரிசீலிப்பதில் நெகிழ்ந்துபோய் அவள் நன்றி எழுதினாள். நன்றிக்கும் எண் கொடுத்து, அதுவும் பரிசீலனையில் உள்ளதாகப் பதில் போயிற்று. மெழுகு நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கும், இன்ன கடையில் கிடைக்கும் என்று அவருக்குச் சொன்னவருக்கும், அந்தக் கடை மூடிப் பல காலம் ஆயிற்று என்று இருவரையும் திருத்தியவருக்கும் தனித்தனியே பதில்கள் போயின.

உலகம் சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தது. பிறகு திட்டத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், நீங்கள் மனிதர்களா அல்லது பழுதான எந்திரமா என்று கேட்டார். எந்திரம் என்ற சொல் இருந்ததால் அந்தக் கடிதம் வாரியத்தின் எந்திரப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. தயவுசெய்து நிறுத்துங்கள் என்று மன்றாடிய இன்னொருவருக்கு, நிறுத்தக் கோரும் மனுவை மூன்று பிரதிகளில் அனுப்புமாறு எழுதப்பட்டது.

இந்தக் குழுக்களில் ஒரு வசதி உண்டு. ஒருவர் எழுதுவது பிடிக்காவிட்டால், அவர் எழுதும் எதுவும் நம் கண்ணிலேயே படாதபடி செய்துகொள்ளலாம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று ஒவ்வொரு நாடாக அந்த வசதியைக் கையாண்டது. வாரியம் இத்தனை காலமாக நமக்குச் செய்துவந்ததை உலகம் வாரியத்துக்குச் செய்தது. வாரியத்துக்கு இது தெரியாது. அது எழுதிக்கொண்டே இருந்தது. மாத அறிக்கையில், பெறப்பட்ட கடிதங்கள், பதில் அனுப்பப்பட்டவை என்ற இரண்டு கட்டங்களிலும் இதுவரை காணாத எண்கள் ஏறின. தில்லியிலிருந்து பாராட்டு வந்தது. பாராட்டுக்கும் பதில் போயிற்று.

இந்தப் பெருமிதத்தின் நடுவே, வாசல் பெஞ்சில் ரஹ்மத்துல்லா உட்கார்ந்திருந்தார்.

ரஹ்மத்துல்லாவுக்குத் தாராவியில் ஒரு சிறிய பட்டறை. மேலப்பாளையத்திலிருந்து வந்த குடும்பம். தோல் பர்ஸ் தைப்பார். தைத்த பர்ஸ் எல்லாம் குர்லாவில் இருந்த ஒரு சேட்டுக்குப் போகும். சேட் அதன் உள்மடிப்பில் தன் கடைப் பெயரைக் குத்தி விற்பார். அந்தப் பர்ஸைத் தைத்தவர் ஒருவர் உண்டு என்பது விமான நிலையத்தில் அதை வாங்கியவர் யாருக்கும் தெரியாது. போன மழைக்காலத்தில் ஹாம்பர்கிலிருந்து வந்த ஒரு வியாபாரி, மழைக்கு ஒதுங்கிய இடம் இந்தப் பட்டறையாக அமைந்தது. அவர் ஒரு பர்ஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நேராக உங்களிடமே வாங்கிக்கொள்கிறேன் என்றார். இரண்டு நிபந்தனைகள். உள்ளே பட்டறையின் சொந்தப் பெயர் இருக்க வேண்டும். கூடவே வாரியத்தின் தரச்சான்று வேண்டும்.

பட்டறைக்குப் பெயரே கிடையாது. ரஹ்மத்துல்லா தன் மனைவியின் பெயரை வைத்தார். சைனப்.

"வாங்குறவன் பின்பாக்கெட்ல வச்சு உக்காருவான். எம்பேரு மேல ஊரு உலகமெல்லாம் உக்காரணுமாக்கும்" என்று சைனப் கேட்டாள். ஆனால் முதல் பர்ஸ் தைத்து முடித்த அன்று, அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எது தன் பெயரின் முதல் எழுத்து என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

சரக்கு தயாராகி மூட்டை கட்டியாயிற்று. சான்று மட்டும் வர வேண்டும். மாதிரி பர்ஸ்களை வாரியத்தில் கொடுத்துவிட்டு ரஹ்மத்துல்லா வரத் தொடங்கினார். வாசலில் இருந்த பியூன், உத்யா யா, நாளைக்கு வா, என்று மராத்தியில் சொல்வான். மராத்தியில் ரஹ்மத்துல்லா முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் அதுதான். ஒருநாள் ஷ்யாமளாவே வெளியே வந்தாள். அவளுக்கு இரக்கம் உண்டு, நேரம்தான் கிடையாது.

"இப்போ நாங்க எல்லாரும் இண்டர்நெட்ல இருக்கோம் பாய்."

"எப்ப எறங்குவீங்க மேடம்?"

"எறங்க முடியாது பாய். வந்துண்டே இருக்கே."

அதே பெஞ்சில் இசக்கிப்பாண்டியும் இருந்தார். தாராவியில் ரஹ்மத்துல்லாவின் அடுத்த சந்துக்காரர், அதே பர்ஸ், அதே சான்று. இருவரும் செம்பூரில் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கும்வரை வாரியத்தைத் திட்டிக்கொண்டு வருவார்கள். அந்த நாள்களில் அவர்களுக்கிடையே இருந்த நெருக்கம் போல் பிறகு எப்போதும் இருக்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உடன்பிறந்தவர்களைப் போல ஆகிவிடுகிறார்கள்.

ரஹ்மத்துல்லாவின் மகள் சாதியா மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கிங்ஸ் சர்க்கிளில் புதிதாக ஒரு சைபர் கஃபே திறந்திருந்தது. அங்கே ஒருநாள் வாரியத்தின் பெயரைத் தட்டித் தேடிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஸச்சி, நெசமாத்தான் சொல்லுதேன் வாப்பா. யாரு வீட்டு நாய்க்கோ பதில் போட்டிருக்காங்க. நமக்குத்தான் போடல."

"நாய் எங்கன இருந்து எழுதிச்சு?"

"கனடா."

"அப்ப நாமளும் அங்கன இருந்து எழுதுவோம்" என்றார் ரஹ்மத்துல்லா.

கனடாவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிள் போதுமானதாக இருந்தது. சேணம் தைப்பவர்களின் குழுவில் சாதியா தகப்பனாரின் விண்ணப்பத்தை ஒட்டினாள். பக்கத்து ஹோட்டலில் ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. தங்கள் கடிதம் பெறப்பட்டது. அதோடு ஓர் எண். செம்பூர் பெஞ்சில் மாதக்கணக்காக உட்கார்ந்தும் கிடைக்காத எண். ரஹ்மத்துல்லா அதை அச்செடுக்கச் சொல்லி, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்து, பட்டறைச் சுவரில் மாட்டினார். இசக்கிப்பாண்டி வந்து பார்த்துவிட்டு, பாய்க்கு நம்பர் வந்துட்டு, என்று சந்து முழுக்கச் சொன்னார்.

வாரியத்தைக் கண்ணில் படாமல் செய்துகொள்ளாதவர் அந்தக் குழுவில் ஒரே ஒருவர். டென்மார்க்கில் ஒரு கிராமத்தில் இருந்த ஹென்ரிக். ஓய்வுபெற்ற மனிதர், தனியாள், குதிரைச் சேணம் தைப்பார். மழை பெய்வதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுபோல் வாரியத்தின் பதில்களைப் படித்துக்கொண்டிருந்தவர். ரஹ்மத்துல்லாவின் விண்ணப்பத்தைக் கண்டதும் அவர் கேள்விகள் கேட்டார். விளிம்பை எப்படி மடிக்கிறீர்கள், பசை எது, நூல் எது, தையல் ஒற்றை ஊசியா இரட்டை ஊசியா. ரஹ்மத்துல்லா சொல்லச் சொல்ல சாதியா எழுதினாள். ஹென்ரிக்குக்குத் திருப்தி உண்டாயிற்று. பல மாதப் படிப்பால் வாரியத்தின் நடையும் அவருக்கு நன்றாகக் கைவந்திருந்தது. வேடிக்கையாக ஒரு பதில் எழுதினார். மேற்படி எண்ணுள்ள பொருள் தொடர்பாகக் கீழே கையொப்பமிட்டவர் தீர ஆராய்ந்ததில் சரக்கு திருப்திகரமானது என்று காணப்படுகிறது, சான்று வழங்கலாம், ஒப்பம், ஹென்ரிக், தகுதிவாய்ந்த மேலதிகாரி, சேணப் பிரிவு, வடகோளம். கடைசியில் ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறுகோடு, ஓர் அடைப்புக்குறி. அப்படிப் போட்டால் சிரிக்கிறேன் என்று பொருள்.

வாரியத்தில் யாருக்கும் அது தெரியாது. ஷ்யாமளா தாளை நடைவழிக்குக் கொண்டுவந்தாள். சுப்ரமணியன் எண்ணைச் சரிபார்த்தார். பொருளைச் சரிபார்த்தார். கடைசியில் இருந்த குறிகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, மேலதிகாரிகள் முழுக் கையெழுத்துப் போட மாட்டார்கள், இது சுருக்கொப்பம், என்று தெளிந்தார்.

"வடகோளம்னா எதும்மா?"

"உலகத்துல மேல்பாதி சார்."

"தில்லி அதுல அடங்குமோ?"

"அடங்கும் சார்."

சுப்ரமணியன் நாற்காலியிலிருந்து சற்று எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

இங்கே வாசகர்கள் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். ரஹ்மத்துல்லாவின் கோப்பு இதுவரை நகராமல் இருந்ததற்கு அதில் குறை எதுவும் காரணமில்லை. தோலை வாரியம் சோதித்திருந்தது, நன்றாகவே இருந்தது. நன்றாக இருக்கிறது என்று எழுதி அதன் கீழே யார் பெயர் போடுவது என்பதுதான் தடை. நாளை ஹாம்பர்கில் ஒரு தையல் பிரிந்தால் அந்தப் பெயர்க்காரர் பதில் சொல்ல வேண்டும். கோப்பு காத்திருந்தது ஒரே ஒரு பெயருக்காக. இப்போது ஒரு பெயர் வந்துவிட்டது. அது வாரியத்தில் யாருடைய பெயரும் இல்லை என்பது அதன் தனிச்சிறப்பு.

ஆனாலும் சுப்ரமணியன் கவனமானவர். தங்களுக்கு இந்த அதிகாரத்தை வழங்கிய ஆணையின் நகலை அனுப்பும்படி ஹென்ரிக்குக்குப் பணிவுடன் எழுதினார். நினைவூட்டல் எழுதினார். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினார். டென்மார்க்கில் அந்த மனிதருக்குச் சிரிப்பு நின்றது. கடைசியாக அவர் எழுதியது இதுதான்: என்னிடம் உள்ள எல்லா அதிகாரங்களையும் தாராவி திரு. ரஹ்மத்துல்லாவுக்கு அளித்துவிட்டேன், இந்தக் குழுவில் தோலை அறிந்த மனிதர் அவர் ஒருவரே, நான் என் குதிரையிடம் திரும்பிப் போகிறேன். அதன்பின் அவர் குழுவில் காணப்படவில்லை.

வாரியம் கூடி ஆலோசித்தது. தன்னிடம் இல்லாத ஒன்றை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. ஹென்ரிக் கொடுத்திருக்கிறார். ஆகவே அவரிடம் இருந்திருக்கிறது. ஆகவே கொடுத்தது செல்லும். ரஹ்மத்துல்லாவைச் செம்பூருக்குக் கூப்பிட்டனுப்பி, அவருக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, தாராவியில் நிலுவையில் இருக்கும் அத்தனை விண்ணப்பங்களுக்கும் இனி அவரே ஒப்புதல் அதிகாரி என்று சுப்ரமணியன் தெரிவித்தார். விண்ணப்பதாரர் அவரிடம் போக வேண்டியது, அவர் குழுவில் ஒப்புதல் எழுத வேண்டியது, வாரியம் அவர் பெயரிட்டுச் சான்று அடிக்க வேண்டியது. அந்த நிமிடத்தில் இயக்குநரின் முகத்தில், பாரத்தைச் சுமைதாங்கியில் இறக்கிவைத்தவரின் களைப்பும் நிம்மதியும் தெரிந்தன.

"நீங்க இனிமே இங்க வந்து உக்காரவே வேண்டாம் பாய். எல்லாரும் உங்ககிட்ட வருவா."

"ரொம்ப சந்தோசம் சார். என் சரக்குக்கு?"

"அது ஒண்ணு மட்டும் உங்ககிட்ட வர முடியாது. தன் கேஸைத் தானே தீர்மானிக்கப்படாது."

"அதான் அந்த டென்மார்க் சாப் முன்னாலயே ஓகே போட்டாரே."

சுப்ரமணியன் இதை எதிர்பார்த்திருந்தார். ஒப்புதல் தந்தபோது ஹென்ரிக்கின் அதிகாரம் சரிபார்க்கப்பட்டிருக்கவில்லை. சரிபார்க்கப்பட்டபோது அது ரஹ்மத்துல்லாவுக்குக் கைமாறிவிட்டதால் அவரிடம் அதிகாரம் இல்லை என்று விளக்கினார். ரஹ்மத்துல்லாவால் அதில் ஒரு தையலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. நன்றாகத் தைக்கப்பட்ட எதையும் மதிக்கிறவர் அவர்.

ஹாம்பர்க் வியாபாரியோ ஃபேக்ஸ் மேல் ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். தாமதத்துக்குக் காரணம் கேட்டார். எந்தக் காரணத்தை எழுதினாலும் ஜெர்மன்காரருக்குப் புரியாது என்று சாதியா சொன்னாள்.

முதல் சில நாள்கள் ரஹ்மத்துல்லா தாராவியின் நல்ல காலமாக இருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் அன்றன்றே குழுவில் ஒப்புதல் எழுதும்படி சாதியாவிடம் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்த வலி அவர் இடுப்பில் இன்னும் இருந்தது. ஷகீலின் பெல்ட், நாகராஜின் சூட்கேஸ் எல்லாம் போயின. ஒவ்வொரு சான்றிலும் ஒப்புதல் அதிகாரி ரஹ்மத்துல்லா என்று அச்சாகி வந்தது.

அதன்பின் வந்த ஒரு பையில் கைப்பிடியருகே நூல் சற்றுத் தளர்ந்திருந்தது. சரிசெய்துகொண்டு வரச் சொல்லலாம். அல்லது அவரே ஊசியை எடுத்து இரண்டு தையல் போட்டுவிடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. அந்தப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அது எங்கோ ஒரு நாட்டில் அறுந்து விழுவதும், யாரோ சான்றை எடுத்து அதன் கீழே உள்ள பெயரைப் படிப்பதும் அவருக்குத் தெரிந்தன. வைத்துவிட்டுப் போங்க, பாக்குதேன், என்றார். அன்று பட்டறையில் அவர் ஊசி எடுக்கவில்லை.

மறுநாள் இசக்கிப்பாண்டி வந்தார். தோளில் கைபோட்டுப் பேசிப் பழகியவர், பர்ஸ் மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, சீக்கிரம் அடிச்சு விடுங்க பாய், கல்யாணத்துக்கு ஊருக்குப் போவணும், என்றார்.

ரஹ்மத்துல்லா மூட்டையைத் தொடவில்லை. "விண்ணப்பம் எழுதிக் கொண்டாந்தீங்களா அண்ணாச்சி?"

"எதுக்கு, நான் யாருன்னு தெரியாதாக்கும் ஒங்களுக்கு? அந்த ஆபீஸ்காரனுவள ரெண்டு பேரும் சேந்துதான திட்டுனோம்."

"அதுக்குத்தான் சொல்லுதேன். நாளைக்கு நம்மள ஒருத்தன் திட்டக் கூடாதுல்லா. முறையா வாங்க."

இசக்கிப்பாண்டி முறையாக வந்தார். மூன்று பிரதிகளில் வந்தார். ஒருமுறை வந்தபோது அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். இன்னொருமுறை தொழுகைக்கு. கடைசியில் ஒப்புதல் கிடைத்தபோது இசக்கிப்பாண்டி நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, பாய் என்று கூப்பிடாமல், அதிகாரிகளைக் கூப்பிடுவதுபோல் சாப் என்று கூப்பிட்டார். ரஹ்மத்துல்லா திருத்தவில்லை.

பட்டறைக்கு வெளியே மக்கள் நிற்கத் தொடங்கினார்கள். நிற்பவர்கள் தங்களுக்குள் அதிகாரியைத் திட்டிக்கொண்டு நெருக்கமானார்கள். வடாலாவிலிருந்தும் மான்குர்திலிருந்தும்கூட வந்தார்கள். தாராவியில் கொடுக்கிற சான்று செம்பூரைவிடச் சீக்கிரம் கிடைக்கும் என்று முதலில் பேர் பரவியிருந்தது. பேர் பரவிய பிறகு அது சீக்கிரம் கிடைப்பது நின்றிருந்தது. ஆனால் பேர் நிற்கவில்லை. தில்லியில் நடந்த ஒரு மாநாட்டில் சுப்ரமணியன், மக்களே மக்களுக்குச் சான்றளிக்கும் முறை என்ற தலைப்பில் பேசிவிட்டு வந்தார். பூங்கொத்து கொடுத்தார்கள்.

ஹாம்பர்கிலிருந்து கடைசி ஃபேக்ஸ் வந்தது அப்போதுதான். எஸ்டிடி பூத்திலிருந்து சாதியா எடுத்து வந்து படித்தாள். தங்களுக்காக மேலும் காத்திருக்க முடியாமல் போனதற்கு வருந்துவதாக வியாபாரி எழுதியிருந்தார். தேவைப்பட்ட பர்ஸ்களைத் திரு. இசக்கிப்பாண்டியிடம் வாங்கிவிட்டாராம். தயக்கம் இருந்ததாம்; ஆனால் சான்றின் கீழே ரஹ்மத்துல்லா என்ற பெயரைக் கண்டதும் தயக்கம் தீர்ந்ததாம். உங்கள் கையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், என்று எழுதியிருந்தார். இன்னும் ஒரே ஒரு பங்கு சரக்குத் தேவைப்படுகிறது. அத்தோடு இந்த வருட வாணிபம் முடிகிறது. உங்கள் கையொப்பம் உள்ள எந்தப் பட்டறையானாலும் சம்மதம்.

எந்தப் பட்டறையானாலும். தாராவியில் ஒன்றைத் தவிர.

ரஹ்மத்துல்லா கட்டி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்தார். தூசி படியாமலிருக்க சைனப் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தாள். இதைப் பழையபடி சேட்டுக்கே கொடுப்பதென்றால் ஒவ்வொரு பர்ஸாகப் பிரித்து, சைனப் என்ற பெயருள்ள உள்மடிப்பை வெட்டி எடுத்துவிட்டு, வேறு துண்டு வைத்துத் தைக்க வேண்டும். சாதியா மெதுவாக, நம்மிடமே சரக்கு இருக்கிறது என்று ஹாம்பர்குக்கு எழுதட்டுமா, சான்று பிறகு வரும் என்று சொல்லிப் பார்க்கலாமே, என்றாள். அதிகாரியாக இருந்துகொண்டு தனக்குத் தானே கேட்பது பதவிக்கு அழகில்லை என்று அவர் சொன்னார். சொன்னபோது அவர் குரல் எந்த ஊர்க் குரல் என்று சொல்ல முடியாதபடி இருந்தது.

பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த சைனப் இதையெல்லாம் கேட்டாள்.

மறுநாள் காலை ரஹ்மத்துல்லா மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வரச் சொன்னார். ஒருவருடைய விண்ணப்பத்தில் தேதி இல்லை, திருப்பி அனுப்பினார். ஒருவருக்கு எல்லாம் இருந்தது. வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்தது என்றார். கறுப்பு புர்காவின் முகத்திரையை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு சைனப் வந்து நின்றாள். மற்றவர்களோடு வெளியே வரிசையில் நின்று வந்திருந்தாள். அந்தச் சந்துப் பெண்கள் முன்னால் போகச் சொன்னதற்கும் மாட்டேன் என்றிருந்தாள். கையில் ஒரு பர்ஸ். சாதியாவின் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம், மூன்று பிரதிகள், தேதி போட்டது. விண்ணப்பதாரர், சைனப். பட்டறையின் பெயர், சைனப். பட்டறை அவள் பெயரில்தானே இருக்கிறது. தன் கேஸை அவர் தீர்மானிக்கக் கூடாதென்றால் இது அவர் கேஸ் இல்லையே.

ரஹ்மத்துல்லா விண்ணப்பத்தைப் படித்தார். ஒரு குறையும் இல்லை. பர்ஸை வாங்கித் திருப்பினார். விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். உள்மடிப்பைத் திறந்தார். இந்த மேசைக்கு வந்த சரக்குகளிலேயே இதைப் போல் நேர்த்தியான தையலை அவர் கண்டதில்லை.

அவர் பர்ஸை மூடி, விண்ணப்பத்தின் மேல் வைத்து, இரண்டையும் அவள் பக்கமாகத் தள்ளினார்.

சைனப் அவர் முகத்தையே பார்த்தாள். "என்னங்க, என்னைத் தெரியலியா?"

"தெரியுது" என்றார் ரஹ்மத்துல்லா. "அதான் சிக்கலே. அடுத்தது யாரு?"